மழையில் கத்திய பூனைக்குட்டி... பூனைகளுக்காகவே வாழ்ந்த ஓவியர் லூயிஸ் வெய்னின் கதை!

உங்க போன்ல இருக்கிற ஸ்டிக்கர்களைக் கொஞ்சம் திறந்து பாருங்க. கூலிங் கிளாஸ் போட்ட பூனை, டீ குடிக்கிற பூனை, லேப்டாப் முன்னாடி தூங்கி வழியுற பூனை... இதுல ரெண்டு மூணாவது கண்டிப்பா இருக்கும். இதெல்லாம் இன்டர்நெட் வந்த பிறகு வந்த குறும்புன்னுதான் நாம நினைச்சிட்டிருக்கோம். ஆனா, மனுஷங்க பண்ற அத்தனை சேட்டையையும் பூனைங்க பண்ற மாதிரி வரைஞ்சு, ஒரு நாட்டையே சிரிக்க வெச்ச ஒருத்தர் நூறு வருஷத்துக்கும் முன்னாடியே லண்டனில் இருந்தார். அவர் பெயர் லூயிஸ் வெய்ன்.

2021-ல் பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடிப்பில் இவரோட வாழ்க்கை சினிமாவாகவும் வந்தது. படத்தைப் பார்த்தவங்களுக்குக் கதை கொஞ்சம் தெரிஞ்சிருக்கும். பார்க்காதவங்களுக்கு ஒரு விஷயம் மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். இவர் வரைஞ்ச ஆயிரக்கணக்கான பூனைகளுக்கும் ஆரம்பம் ஒரே ஒரு தெருப் பூனைக்குட்டிதான்.

ஸ்கூலுக்கு மட்டம் போட்ட பையன்

லூயிஸ் வெய்ன் 1860 ஆகஸ்ட் 5-ம் தேதி லண்டனின் கிளெர்க்கன்வெல் பகுதியில் பிறந்தார். வீட்டில் ஆறு பிள்ளைகள். மூத்தவர் இவர், அடுத்து வந்த ஐந்து பேரும் தங்கைகள். பிறக்கும்போதே இவருக்கு உதட்டுப் பிளவு இருந்தது. பத்து வயசு வரைக்கும் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டாம்னு டாக்டர் சொல்லிவிட்டார். மற்ற பிள்ளைகள் கூட்டமா விளையாடிய வயசுல, இவர் தனியாவே வளர்ந்தார்.

பத்து வயசுக்கு மேல ஸ்கூலில் சேர்த்தாலும் அங்கே மனசு ஒட்டவில்லை. அடிக்கடி மட்டம் போட்டுட்டு லண்டன் தெருக்களில் கால் போன போக்கில் சுத்துவார். பிற்பாடு ஓவியப் பள்ளியில் சேர்ந்து படித்து, கொஞ்ச காலம் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார்.

1880-ல் அப்பா இறந்துபோனார். லூயிஸுக்கு அப்போ 20 வயசு. அம்மாவும் ஐந்து தங்கைகளும் அவர் கையை எதிர்பார்த்து நின்றார்கள். ஆசிரியர் சம்பளம் எந்த மூலைக்கு? வேலையை விட்டுட்டுப் பத்திரிகைகளுக்கு ஃப்ரீலான்ஸ் ஓவியரா மாறினார். கால்நடைக் கண்காட்சிக்குப் போய் பரிசு வாங்கிய மாட்டை வரைவார், ஆட்டை வரைவார். கிராமத்துப் பெரிய வீடுகளை வரைவார். நாய்களை வரைஞ்சே பிழைச்சுக்கலாம்னுகூட ஒரு கட்டத்தில் கணக்குப் போட்டார். பூனை அவர் நினைப்பிலேயே இல்லை.

ஊர் வாயில் விழுந்த கல்யாணம்

தங்கைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க எமிலி ரிச்சர்ட்சன் என்ற ஆசிரியை வந்தார். லூயிஸைவிடப் பத்து வயசு மூத்தவர். ரெண்டு பேருக்கும் பிடிச்சுப்போச்சு. மாப்பிள்ளையைவிடப் பொண்ணு மூத்தவள், அதுவும் வீட்டில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள் என்றால், அந்தக் கால இங்கிலாந்து சும்மா இருக்குமா? ஊரே பேசியது. லூயிஸ் கண்டுக்கவில்லை. 1884-ல் கல்யாணம் பண்ணிக்கொண்டு, வடக்கு லண்டனின் ஹாம்ஸ்டெட் பகுதியில் தனிக்குடித்தனம் போனார்கள்.

சந்தோஷம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. எமிலிக்கு மார்பகப் புற்றுநோய். இன்றைக்கு இருக்கிற மாதிரி சிகிச்சை எதுவும் அன்றைக்குக் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா அவர் உலகம் ஒரு அறைக்குள்ளே, ஒரு படுக்கைக்குள்ளே சுருங்கிப்போனது.

மழை ராத்திரி விருந்தாளி

அப்படியான ஒரு காலத்தில்தான், ஒரு மழை ராத்திரியில் வெளியே ஒரு சத்தம் கேட்டது. கறுப்பும் வெள்ளையுமா ஒரு பூனைக்குட்டி, நனைஞ்சுபோய் விடாம கத்திக்கொண்டிருந்தது. தம்பதி அதை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டார்கள். பீட்டர் என்று பெயர் வைத்தார்கள்.

இன்றைக்கு இதைப் படிக்கும்போது இதிலென்ன பெருசா இருக்குன்னு தோணலாம். அன்றைய லண்டனில் பூனைக்கு இருந்த மரியாதை வேற. நாய் என்றால் குடும்பத்தில் ஒருத்தர். பூனை என்றால் எலி பிடிக்கிற ஜீவன், அவ்வளவுதான். கிடங்கிலும் அடுப்படியிலும் கிடக்கும். வேலை செய்தால் சோறு, இல்லைன்னா தெரு. நோயாளி படுத்திருக்கிற அறைக்குள் தெருப் பூனையைக் கொண்டுவந்து வைப்பது எல்லோரும் செய்யுற காரியமில்லை.

பீட்டர் அந்தப் படுக்கையில்தான் கிடந்தது. எமிலிக்கு வலி அதிகமா இருக்கிற நாள்களில் அதைப் பக்கத்தில் வைத்துத் தடவிக்கொண்டிருப்பார். மனைவி முகத்தில் சிரிப்பைப் பார்ப்பதற்காக, மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு புத்தகம் படிக்கிற மாதிரி உட்கார பீட்டரைப் பழக்கினார் லூயிஸ். அப்படியே பென்சிலை எடுத்து பீட்டரை வரைய ஆரம்பித்தார். தூங்குற பீட்டர், சோம்பல் முறிக்கிற பீட்டர், முறைக்கிற பீட்டர். இதையெல்லாம் பத்திரிகைக்குக் கொடுங்கள் என்று எமிலிதான் விடாமல் வற்புறுத்தினார். லூயிஸுக்கோ தயக்கம். பூனைப் படம் வரைகிற ஓவியரை யார் மதிப்பார்கள்?

குட்டிக்கு நம்பிக்கை எப்படி வருது?

இங்கே ஒரு நிமிஷம் பீட்டர் பக்கம் நின்று யோசிச்சுப் பாருங்க. தெருவில் கிடந்த குட்டிக்கு மனுஷன்னா யாரு? தன்னைவிடப் பல மடங்கு பெரிய, மேலேயிருந்து கையை நீட்டுகிற ஒரு ராட்சசன். அது ஏன் நம்மை நம்பணும்?

பூனைகளைப் பற்றிய இன்றைய புரிதல் இதுக்கு ஒரு விளக்கம் தருது. பிறந்து ரெண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைக்கும்தான் ஒரு குட்டி மனுஷங்களை ஏத்துக்கப் பழகுற முக்கியமான காலம். அந்த நாள்களில் மனுஷக் கை பட்டு வளர்ந்த குட்டி, பிற்பாடு தெருவுக்கு வந்தாலும் திரும்ப நம்மிடம் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலம் முழுக்க மனுஷ வாசனையே இல்லாமல் வளர்ந்த பூனை, பெரும்பாலும் காட்டுப் பூனை சுபாவத்தோடதான் இருக்கும். ரெண்டும் பார்க்க ஒண்ணு மாதிரி தெரியும். ஆனா ஒண்ணு மனுஷனை மறந்துபோன பூனை, இன்னொண்ணு மனுஷனை அறியாத பூனை.

அடுத்தது இடம். பயந்த பூனைக்கு என்ன வேணும்? அமைதியான ஒரு சின்ன அறை. தினமும் அதே ஆள், அதே குரல், அதே நேரத்துக்குச் சாப்பாடு. துரத்தாத, தூக்காத, அவசரப்படாத மனுஷங்க. எமிலியின் அறையை நினைச்சுப் பாருங்க. அங்கே யாரும் ஓடவில்லை, சத்தம் போடவில்லை. நாள் முழுக்க ஒரே இடத்தில் ஒருத்தர் படுத்திருந்தார். பக்கத்தில் இன்னொருத்தர் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். ஒரு குட்டிக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. நோய் அந்த வீட்டை அசையாமல் நிறுத்தி வைத்திருந்தது. அந்த அமைதிதான் பீட்டருக்கு வீடானது.

11 படங்கள்... சுமார் 150 பூனைகள்!

1886 கிறிஸ்துமஸ் சிறப்பிதழுக்காக, இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் என்ற பிரபல வார இதழுக்கு லூயிஸ் ஒரு தொகுப்பு வரைந்து கொடுத்தார். பூனைக்குட்டிகள் கிறிஸ்துமஸ் பார்ட்டி கொண்டாடுவதுதான் கதை. அழைப்பிதழ் அனுப்புது, நடனம் ஆடுது, விளையாடுது, மேடையேறிப் பேசுது. 11 கட்டங்களில் சுமார் 150 பூனைகள். அதில் பல முகங்கள் பீட்டரோட சாயலில் இருந்தன.

ஜனங்களுக்குப் படம் செமயா பிடிச்சுப்போச்சு. லூயிஸ் வெய்ன் பெயர் வெளியே தெரிய ஆரம்பித்தது. ஆனா, அந்தக் கொண்டாட்டத்தை எமிலியால் ரொம்ப நாள் பார்க்க முடியவில்லை. 1887 தொடக்கத்தில், கல்யாணமாகி மூன்று வருஷத்துக்குள், அவர் இறந்துபோனார். லூயிஸ் அதுக்குப் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

எமிலி போன பிறகும் பீட்டர் பல வருஷம் அவரோடு இருந்தது. படங்களில் பூனைகள் மெல்ல மெல்ல மாறின. நாலு காலில் இருந்தவை ரெண்டு காலில் எழுந்து நின்றன. கோட்டு போட்டன, தொப்பி வைத்தன, சீட்டாடின, சுருட்டு பிடித்தன, மீன் பிடிக்கப் போயின. உணவகம் மாதிரியான இடங்களில் ஸ்கெட்ச் புக்கோடு உட்கார்ந்து, சுத்தியிருக்கிற மனுஷங்களையே பூனைகளா வரைவதும் அவருக்குப் பழக்கமானது. வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான படங்கள். சுமார் நூறு குழந்தைகள் புத்தகங்கள். போஸ்ட் கார்டுகள். 1901-லிருந்து அவர் பெயரிலேயே ஆண்டு மலர்கள் வர ஆரம்பித்தன.

படத்தோடு நிற்கவில்லை. 1887-ல் தொடங்கிய இங்கிலாந்தின் தேசிய பூனை கிளப்புக்குச் சில வருஷங்களிலேயே தலைவரானார். பூனைகளைப் பாதுகாக்கும் சங்கத்திலும், மிருகங்களை உயிரோடு அறுத்து ஆராய்ச்சி செய்வதை எதிர்த்த இயக்கத்திலும் சேர்ந்து உழைத்தார். பூனை மேல் ஜனங்களுக்கு இருந்த இளக்காரத்தைக் குறைத்ததில் தனக்கும் பங்கிருக்கு என்ற பெருமை அவருக்கு உண்டு. அது நியாயமான பெருமைதான். அடுப்படியில் கிடந்த ஜீவனை வரவேற்பறைக்குக் கொண்டுவந்ததில் அவர் பென்சிலுக்கு நிச்சயம் பங்கு இருந்தது.

பேரு இருந்தது... காசு இல்லை!

இவ்வளவு புகழுக்கு மனுஷன் கோடீஸ்வரனா ஆகியிருக்கணும்தானே? அதுதான் இல்லை. லூயிஸுக்கு வியாபாரம் சுத்தமா வராது. படத்தை மொத்தமா ஒரு தொகைக்கு விற்றுவிடுவார். காப்பிரைட்டைக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. அதே படத்தைப் பதிப்பாளர்கள் திரும்பத் திரும்ப அச்சடித்து விற்றார்கள், அவருக்கு ஒரு பைசா வரவில்லை. நீங்க டிசைனராவோ, ரீல்ஸ் போடுறவராவோ இருந்தா இந்த இடம் நல்லாவே வலிக்கும்.

பார்த்துக்கொள்ள வேண்டிய குடும்பமும் பெருசு. தங்கைகள் யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒரு தங்கைக்கு மனநலம் பாதிக்கப்பட்டு 1901-ல் காப்பகத்தில் சேர்த்தார்கள். 1913-ல் அவர் இறந்துபோனார். 1907-ல் அமெரிக்கா போய், நியூயார்க்கில் ஹெர்ஸ்ட் பத்திரிகைகளுக்குப் படக்கதைகள் வரைந்தார் லூயிஸ். பெயர் கிடைத்தது. ஆனா வந்த பணத்தைத் தவறான முதலீட்டில் விட்டார். அவர் அங்கே இருந்தபோதே அம்மாவும் காலமானார். போனபோது இருந்ததைவிடக் காலியான கையோடு ஊர் திரும்பினார்.

1914-ல் முதல் உலகப்போர். காகிதத்துக்குத் தட்டுப்பாடு. பூனைப் படத்துக்கு யார் செலவு செய்வார்கள்? அதே வருஷம் பஸ்ஸிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. வறுமை நெருக்கியது.

யாரையும் நம்பாத மனுஷன்

அதுக்கப்புறம் லூயிஸ் கொஞ்சம் கொஞ்சமா மாறினார். சாதுவான மனுஷனுக்குச் சந்தேகம் முளைத்தது. தங்கைகளே தனக்கு எதிராக இருக்கிறார்கள் என்று நம்ப ஆரம்பித்தார். சினிமாத் திரையின் மினுக்கல் அவர்கள் மூளையிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சிவிட்டது என்றார். ராத்திரியில் தெருவில் சுத்தினார். வீட்டில் இருக்கிற மேஜை நாற்காலியை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு புரியாததை எழுதித் தள்ளினார். கோபம் கைகலப்பு வரைக்கும் போனது.

சமாளிக்க முடியாமல் 1924-ல் தங்கைகள் அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். லண்டனின் டூட்டிங் பகுதியில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்ட் மருத்துவமனை, ஏழைகளுக்கான வார்டு. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கொண்டாடிய ஓவியர், பெயர் தெரியாத நோயாளிகளில் ஒருத்தராகிப்போனார். பயந்துபோய், ஒதுங்கி, கிட்ட வருகிற கையை எல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அந்த வயசானவரை, மழையில் நின்ற பீட்டரோடு ஒப்பிடாமல் இருக்க முடியலை.

ஒரு வருஷம் கழித்து, மருத்துவமனையைப் பார்வையிடும் குழுவில் இருந்த டேன் ரைடர் என்ற புத்தகக் கடைக்காரர் வார்டுக்கு வந்தார். ஒரு ஓரத்தில் அமைதியா ஒருத்தர் பூனை வரைந்துகொண்டிருந்தார். லூயிஸ் வெய்ன் மாதிரியே வரைகிறாரே என்று ரைடருக்கு ஆச்சர்யம். விசாரித்தால், வரைகிறவரே லூயிஸ் வெய்ன்தான்!

செய்தி வெளியே வந்ததும் நாடு விழித்துக்கொண்டது. அவருக்காக நிதி திரட்டினார்கள். எழுத்தாளர் ஹெச்.ஜி.வெல்ஸ், அரசியல் தலைவர் ராம்சே மெக்டொனால்ட் போன்றவர்கள் அவருக்காகப் பேசினார்கள். சின்ன வயசில் அவர் புத்தகங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அவரை மறக்கவில்லை. முதலில் பெத்லெம் ராயல் மருத்துவமனைக்கும், 1930-ல் லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் அருகே இருந்த நாப்ஸ்பரி மருத்துவமனைக்கும் மாற்றப்பட்டார்.

நாப்ஸ்பரியில் ஒரு விசேஷம் இருந்தது. நல்ல தோட்டம், அந்தத் தோட்டத்தில் கூட்டமா பூனைகள்! நோய் முழுசா விடவில்லை, மனசு அவ்வப்போது எங்கேயோ போய்விடும். ஆனா ஆவேசம் அடங்கியது. பூனைகளுக்கு நடுவே உட்கார்ந்து கடைசிவரைக்கும் வரைந்துகொண்டிருந்தார். 1939 ஜூலை 4-ம் தேதி, 78 வயதில் காலமானார்.

அந்த வைரல் படங்களை நம்பலாமா?

இவரைப் பற்றி இணையத்தில் அடிக்கடி சுத்துற ஒரு படவரிசை இருக்கு. சாதாரண பூனையில் ஆரம்பித்து, படிப்படியா கோடும் கலருமா சிதறி, கடைசியில் பூனையே தெரியாத கோலம் மாதிரி முடியும். மனநோய் முற்ற முற்ற இவர் ஓவியம் இப்படி மாறியது என்று அதைப் பகிர்வாங்க. நீங்களும் பார்த்திருப்பீங்க.

விஷயம் என்னன்னா, அந்தப் படங்களில் லூயிஸ் தேதி போடவே இல்லை. அவர் இறந்த காலத்தில் வால்டர் மக்லே என்ற மனநல மருத்துவர் அவற்றை ஒரு கடையில் கண்டெடுத்து, தானே ஒரு வரிசையில் அடுக்கினார். அந்த வரிசையில்தான் வரையப்பட்டன என்பதற்கு ஆதாரம் இல்லை. மருத்துவமனையில் இருந்த காலத்திலும் அவர் வழக்கமான பூனைகளை நன்றாகவே வரைந்திருக்கிறார். அவருக்கு இருந்தது என்ன நோய் என்பதிலேயே மருத்துவர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அடுத்த தடவை அந்தப் போஸ்ட் வந்தா, ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி இதை நினைச்சுக்கோங்க.

உங்க வாசலில் ஒரு பீட்டர் வந்தா?

பார்க்கிங்கில், மாடிப்படியில், கார் டயருக்கு மேல... மழைக்காலத்தில் உங்களுக்கும் ஒரு சத்தம் கேட்கலாம். அப்போ செய்யவேண்டியது இதுதான்.

துரத்திப் பிடிக்காதீங்க. கொஞ்சம் தள்ளி, தரையில் உட்காருங்க. நின்னா நீங்க ராட்சசன், உட்கார்ந்தா பாதி பயம் போயிடும். நேருக்கு நேர் முறைச்சுப் பார்க்காதீங்க, பூனை மொழியில் அது மிரட்டல். கண்ணை மெதுவா மூடித் திறங்க. இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், அப்படி மெதுவா கண் சிமிட்டினா, பழக்கமில்லாத ஆளிடம்கூடப் பூனை கிட்ட வர வாய்ப்பு கூடுதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க.

தினமும் ஒரே நேரத்துக்கு, ஒரே இடத்தில் சாப்பாடு வைங்க. பாசத்துல மாட்டுப்பால் ஊத்தாதீங்க, நிறைய பூனைகளுக்கு அது வயித்தைக் கலக்கிடும். உப்பு, மசாலா போடாத வேகவைத்த கோழியோ மீனோ முள், எலும்பு எடுத்துட்டு வைக்கலாம். தட்டைத் தினம் ஒரு அடி உங்க பக்கம் நகர்த்துங்க. முதல் தொடுதலை அது ஆரம்பிக்கட்டும். கையைத் தாழ்வா நீட்டி, அது மோந்து பார்த்து, தானா வந்து தலையை உரசினா, அதுதான் அனுமதி. குட்டிக்குச் சில நாள் போதும். பெரிய பூனைக்கு மாசக்கணக்கில் ஆகலாம்.

வீட்டுக்குள் சேர்க்கிறதுக்கு முன்னாடி கால்நடை மருத்துவரிடம் காட்டி, தடுப்பூசி போடுங்க. கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில் 15 நிமிஷம் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரேபிஸ் விளையாட்டு இல்லை.

எவ்வளவு பொறுமையா இருந்தாலும் சில பூனைகள் மடிக்கு வரவே வராது. மனுஷனை அறியாமலே வளர்ந்தவை அவை. அதுல உங்க தப்பும் இல்லை, அதோட தப்பும் இல்லை. பக்கத்துல இருக்கிற விலங்கு நல அமைப்பின் உதவியோடு கருத்தடை செய்து, பழைய இடத்திலேயே விட்டு, சாப்பாடும் தண்ணியும் வைச்சா போதும். தள்ளி நின்னே சாப்பிட்டுட்டுப் போகும். அதுவும் நம்பிக்கையில் ஒரு வகைதான்.

லூயிஸும் எமிலியும் அந்த ராத்திரியில் பெருசா எதுவும் திட்டம் போடவில்லை. வெளியே ஒரு குரல் கேட்டது, உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குட்டி எமிலியின் கடைசி நாள்களுக்குத் துணையானது, லூயிஸுக்குத் தொழிலைக் கொடுத்தது. அவர் விழுந்து கிடந்தபோது, அந்தக் குட்டியிலிருந்து பிறந்த ஓவியங்கள்தான் அவரை அடையாளம் காட்டி, உதவிக்கு ஆள் சேர்த்தன. உங்க வீட்டுக்கு வெளியே இன்றைக்குச் சத்தம் கேட்டா, காதில் இருக்கிற இயர்போனைக் கொஞ்சம் எடுத்துட்டு எட்டிப் பாருங்க.